புதுப்பிப்பு: ஆட்டோகேடுக்கு முன் கையால் வரைந்து பழகணுமா?

கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளைத் தொடங்கும் முன் டிராஃப்டர், செட் ஸ்கொயர் போன்ற வரைகருவிகள் வைத்துக் கையால் வரைந்து பழக வேண்டுமா என்று இங்கே கேட்டிருந்தேன். நேரே கணினிக்குப் போ என்றுதான் பலரும் சொன்னீர்கள். எனக்கு அது சரிப்படவில்லை, கையால் பழகியதுதான் கைகொடுத்தது.

எல் வடிவக் கட்டை ஒன்றை வரைந்தேன்: முன்தோற்றம், அதற்குக் கீழே மேல்தோற்றம், இடப்பக்கத் தோற்றம் வலது பக்கத்தில். இதுதான் நம் பாடங்களில் வரும் முதல் கோண முறை. அமெரிக்க வரைபடங்களில் மூன்றாம் கோணம் என்பதால் மேல்தோற்றம் மேலேயே இருக்கும், அதனால் யூடியூபில் கற்பவர்கள் தலைப்புக் கட்டத்தில் எந்த முறை என்று காட்டும் வெட்டுக்கூம்புக் குறியை முதலில் பாருங்கள், தயவுசெய்து.

அப்புறம் ஸ்கேல், அதாவது அளவு விகிதம். ஆட்டோகேடில் வரையும் இடமான மாடல் ஸ்பேஸில் எல்லாமே நிஜ அளவு, 3 மீட்டர் சுவர் என்றால் மில்லிமீட்டரில் 3000 என்றே போடணும். தாளை அமைக்கும் லேஅவுட்டில், வரைபடத்தைக் காட்டும் சட்டமான வியூபோர்ட்டுக்கு 1:50 கொடுத்து, பிளாட் (அச்சு) செய்யும்போது தாளுக்கேற்ப அளவை மாற்றிவிடும் 'ஃபிட் டு பேப்பர்' டிக்கை எடுத்துவிட்டு ஏ3 தாளில் எடுத்தேன். அளவுகோல் வைத்து அந்தச் சுவரை அளந்தால் மிகச் சரியாக 60 மி.மீ.! அத்தனை சந்தோஷம்.

ஆட்டோகேட் லைசென்ஸ் வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரேகேட் என்ற மென்பொருள் இலவசம், 2டி பழக அதுவே போதும்.