பனை உழவாரன்: நூறு படத்திலை தொண்ணூறு வெறும் வானம்

காவோலை:
கிளிநொச்சிப் பக்கம், பனங்கூடலோடை ஒட்டின குளக்கட்டு. பின்னேரத்திலை உழவாரன் குருவி கூட்டமாச் சுத்துது. கிராப் சென்சர் (சின்னச் சென்சர்) கமரா, 150–600 மில்லிமீற்றர் சூம் லென்ஸ். 600இலை வைச்சு, திறப்பு நேரம் 1/1000 செக்கன், துவாரம் எப் 6.3. சட்டத்துக்குள்ளை அகப்பட்டதும் கறுப்பு நிழல்தான், செட்டை கலங்கி. எதை மாத்த வேணும்?

அலைகரை:
முதலிலை 600ஐ விடுங்கோ. 300இலை குருவியைத் தேடிப் பிடிச்சு, பிறகு சூமை இழுங்கோ. பனை உழவாரன் மொத்தமே 13 சென்ரிமீற்றர். செக்கனுக்கு 10 மீற்றர் போனால், 1/1000 திறப்புக்குள்ளை 1 சென்ரிமீற்றர் நகர்ந்திடும். 1/3200 எண்டால் 3 மில்லிமீற்றர். லென்ஸ் கூடவே திரும்பினால் உடம்பு தப்பும், செட்டை தப்பாது. கறுப்பு நிழலுக்குக் காரணம், கமரா வானத்தை அளக்கிறது. மனுவலிலை (எல்லாம் கையாலை வைக்கிற முறையிலை), வெயில் பட்ட புல்லை அளந்து அந்த அளவை மாத்தாமல் பூட்டுங்கோ. பின்னணி வானமோ தண்ணியோ, குருவியின்ரை வெளிச்சம் மாறாது.

வாடைக்காத்து:
செற்றிங்கை விட நிக்கிற இடம்தான் முக்கியம். உழவாரன் எதிர்காத்திலைதான் மெதுவாத் தெரியும், சிலவேளை அந்தரத்திலை நிக்கிற மாதிரி. காத்தும் வெயிலும் உங்கடை முதுகிலை பட்டால், முகத்திலை வெளிச்சத்தோடை உங்களை நோக்கி வரும். சோழகக் (தென்மேற்குக் காத்துக்) காலத்திலை அது பின்னேரம்: கூடலுக்குத் தென்மேற்கிலை நில்லுங்கோ. வாடை (வடகிழக்குக் காத்து) தொடங்கினால் காலமை, வடகிழக்கிலை. சோழகக் காலமையிலை எவ்வளவு நல்ல லென்ஸ் வைச்சிருந்தாலும் வெயிலுக்கு வாலைத்தான் காட்டும்.

காவோலை:
நன்றி அண்ணை. மரத்துக்கு முன்னாலை வந்தால் போக்கஸ் மரத்துக்கு ஓடுது?

அலைகரை:
15 மீற்றரிலை ஒரு பனையின்ரை அடியிலை முன்கூட்டியே போக்கஸ் வைச்சு, லென்ஸிலை போக்கஸ் தேடுற தூரத்தைக் கட்டுப்படுத்துற எல்லைச் சுவிச்சையும் போடுங்கோ. போக்கஸைப் படமெடுக்கிற பொத்தானிலை இருந்து கமராவின்ரை பின்பக்கப் பொத்தானுக்கு மாத்துங்கோ. ஆனால் 400, எப் 8, 15 மீற்றரிலை தெளிவான ஆழம் அரை மீற்றரும் இல்லை. அதுக்குள்ளை வரேக்கை தொடர்ந்து அடிக்க வேணும். வெயில் ஏறினாப் பிறகு வெட்டையிலை கானல் எழும்பும், போக்கஸ் சரியா இருந்தாலும் படம் பஞ்சு மாதிரித்தான் வரும்.

வாடைக்காத்து:
இன்னொண்டு. கம்பியிலை குந்தியிருந்தால் அது தகைவிலான், உழவாரன் இல்லை. முதுகடியிலை வெள்ளைப் பட்டி, வால் கட்டை எண்டால் நாட்டு உழவாரன். அதைப் பாலத்துக்குக் கீழை தேடுங்கோ. பனை உழவாரன்ரை வால் ஊசி மாதிரி, திரும்பேக்கை மட்டும் இரண்டாப் பிரிஞ்சு விரியும். அந்த நொடிக்குத்தான் காத்திருக்க வேணும். பஞ்சையும் இறகையும் எச்சிலாலை ஓலை மடிப்பிலை ஒட்டிக் கூடு வைக்கும். குருவி ஓலைக்குள்ளை போகாமல் திரும்பத் திரும்ப வளைஞ்சால் நீங்கள் கிட்ட நிக்கிறியள், பின்னாலை போங்கோ. படத்துக்கு மறைக்குது எண்டு ஓலை வெட்டாதேங்கோ.