தென்னந்தோப்பில் புல் நிறைந்திருந்தும் பால் தரம் குறைவது ஏன்?

கேள்வி (தோவாளை வட்டம்):

அனைவருக்கும் வணக்கம். பூதப்பாண்டிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்பில், மரங்களுக்கு இடையே கினியா புல்லும் வரப்போரங்களில் அருகம்புல்லும் வளர்ந்திருக்கின்றன. கறவை மாடுகளை முளையடித்துக் கட்டி மேய்க்கிறோம். இந்தப் பருவமழையில் தோப்பின் உள்பகுதியில் புல் இடுப்பளவுக்கு நிற்கிறது. ஆனால் மாடுகள் நுனியைக் கடித்துவிட்டுத் தண்டை அப்படியே விட்டுவிடுகின்றன. தொழுவத்துக்கு அருகில் தினமும் கட்டும் இடத்திலோ புல் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. பாலில் எஸ்.என்.எப். (கொழுப்பு நீங்கலான திடச்சத்து) குறைந்துகொண்டே வருகிறது. புல்லின் ரகத்தை மாற்ற வேண்டுமா, மேய்க்கும் முறையை மாற்ற வேண்டுமா?

பதில் (திருவட்டாறு):

ரகத்தை மாற்றத் தேவையில்லை அண்ணே. உங்கள் தோப்பில் ஒரு பக்கம் புல் முற்றிவிட்டது, மறுபக்கம் வளரவே விடவில்லை.

புல் உயர உயர எடை கூடும், ஆனால் கூடுவது பெரும்பாலும் தண்டும் நாரும்தான். புரதம் இலையில்தான் அதிகம். இளம் பருவத்தில் கினியா புல்லின் உலர் எடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் புரதம், பூத்து முற்றிய பிறகு 5, 6 விழுக்காட்டுக்குக்கூட இறங்கிவிடும். 7 விழுக்காட்டுக்குக் கீழே போனால், மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கே போதிய நைட்ரஜன் கிடைப்பதில்லை. தின்றது செரிக்கத் தாமதமாகிறது. வயிறு காலியாகாததால் மாடு தின்னும் அளவும் குறைகிறது. சத்தில்லாத புல்லை, அதுவும் குறைவாகத் தின்றால் பாலில் தரம் எங்கிருந்து வரும்?

ஒரு தூரைப் பிடித்துப் பாருங்கள். அடியில் கணுக்கள் தென்பட்டு, தண்டு விரலுக்குக் கெட்டியாக நெருடி, கீழ் இலைகள் பழுத்திருந்தால் மேய்ச்சல் பருவம் தாண்டிவிட்டது. கதிர் வெளிவரும் முன்பே, கீழ் இலை பழுக்கத் தொடங்கும் நிலையில் மாட்டை விட வேண்டும். நல்ல மழையில் இது 25 முதல் 30 நாளில் வந்துவிடும், கோடையில் 40 நாளும் தாண்டலாம். இடுப்பளவு நிற்கும் புல்லை இப்போதே அறுத்துவிட்டு, அடுத்த தழைவிலிருந்து முறைப்படுத்துங்கள்.

பதில் (கல்குளம், கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன்):

எனக்குக் கூடுதல் கவலை தருவது, தொழுவத்துக்கு அருகில் ஒட்டக் கடிபட்ட இடம்தான் தம்பி. மேய்ந்து முடித்த தூர், அடித்தண்டில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைச் செலவழித்துத்தான் முதல் இலைகளை விடுகிறது. அந்தத் தளிர் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே, நாலைந்து நாளில், மாடு மறுபடியும் கடித்தால் சேமிப்பு கரைந்து வேரும் குறுகிவிடும். பிறகு அந்த இடத்தில் கோரையும் களையும் ஏறிவிடும். குட்டைப் புல்லில் புரதம் இருந்தாலும் ஒரு வாய்க்கு வருவது சொற்பம் என்பதால், நாள் முழுவதும் மேய்ந்தும் மாட்டுக்கு வயிறு நிறையாது.

பிரான்ஸைச் சேர்ந்த மேய்ச்சல் ஆய்வாளர் ஆந்த்ரே வுவாசன் 1950களிலேயே, ஒரே துண்டு நிலத்தில் மாடு 3 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று வலியுறுத்தினார். முளையடித்துக் கட்டுகிற நமக்கு இது எளிது. தினமும் முளையைப் பிடுங்கி அடுத்த இடத்தில் அடித்தால் போதும். கினியா புல்லில் முக்கால் சாண் உயரம் நிற்கும்போதே மாட்டை மாற்றிவிடுங்கள். அருகம்புல் தரையில் படர்வது, அது குட்டையாக மேய்வதைத் தாங்கும். சாணம் விழுந்த இடத்தைச் சுற்றியுள்ள புல்லை மாடு வாரக்கணக்கில் தொடாது. அந்தத் திட்டுகளையும் மாடு விட்டுவைத்த முற்றிய தண்டுகளையும் பண்ணரிவாளால் அரிந்துவிட்டால்தான் அடுத்த முறை எல்லாம் ஒரே பருவத்தில் தழைக்கும்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. இளம்புல்லில் விட்டால் மழைக்காலத்தில் சாணம் நீர்த்துப் போகிறதே, அதற்கு என்ன செய்வது?

பதில் (விளவங்கோடு):

மழையில் தழைக்கும் இளம்புல்லில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான் தம்பி, தென்னை நிழலில் இன்னும் கூடும். காலையில் கொஞ்சம் வைக்கோல் தின்ன வைத்து, பனி ஈரம் காய்ந்த பிறகு அவிழ்த்துவிடுகிறோம். எங்கள் மாடுகளுக்குச் சாணம் கெட்டிப்படுகிறது. வெயில் விழும் ஓரங்களில் வேலிமசால் என்ற தீவனச் செடியும் வேலியில் கிளைரிசிடியா மரமும் வையுங்கள். இவற்றின் இலையில் புரதம் 20 விழுக்காட்டை ஒட்டி இருப்பதால், புல் முற்றிப்போகிற கோடை மாதங்களில் கைகொடுக்கும். கிளைரிசிடியாவை மட்டும் வெட்டியவுடன் போடாமல், ஒரு நாள் வாடவிட்டுப் போடுங்கள்; பச்சையாக இருந்தால் அதன் வாசனைக்கே பல மாடுகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.