புதுப்பிப்பு: பகலில் 3 மணி நேர இடைவெளி, பால் குறையவில்லை

போன மாதம் கேட்டிருந்தேன்: மூன்றரை மாதப் பாப்பா, மணிக்கணக்கே இல்லாமல் குடிக்கிறாள், நான் வேலைக்குத் திரும்பணும், நேரம் வைத்துக் கொடுத்தால் பால் வற்றிவிடுமா என்று. பதில் சொன்ன அக்காக்கள் எல்லாருக்கும் நன்றி.

எனக்குக் கைகொடுத்தது, "ராத்திரிப் பாலை மட்டும் நிறுத்திடாதே" என்று ஒரு அக்கா சொன்னதுதான். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அதனால் பகலில் மட்டும் இடைவெளியை நீட்டினேன். அதுவும் ஒரேயடியாக இல்லை, 3 நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம். இரவில் கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். காலையில் அவள் குடித்து முடித்ததும் பம்ப் வைத்து 10 நிமிடம் எடுத்தேன். முதல் வாரம் 20 மில்லிதான் வந்தது, அழுதுவிட்டேன். மூன்றாவது வாரம் 70 மில்லி.

எதிர்பார்க்காதது, ஐந்தாம் நாள் இடது மார்பில் பால் கட்டிக்கொண்டது. அழுத்திப் பிசையவில்லை. அவள் கேட்டபடி அந்தப் பக்கமும் கொடுத்து, இடையிடையே குளிர்ந்த துணி வைத்தேன். இரண்டு நாளில் இளகியது. காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பேன்.

அத்தை செய்து தந்த பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் உடம்புக்குத் தெம்பாக இருந்தது.

இப்போது ஒரு நாளைக்கு ஆறேழு துணி நனைக்கிறாள், எடையும் ஏறுகிறது. எடுத்த பாலை நம்ம ஊர் வெயிலில் வெளியே வைக்காமல் உடனே ஃபிரிட்ஜில் வைக்கிறேன், 4 நாளுக்குள் கொடுத்துவிடுகிறேன்.