கனடா ஸ்பொன்சர்: முதல் திருமணத்துப் பையனைப் படிவத்தில் எழுத வேண்டாம் என்கிறார் ஏஜென்ட். என்ன செய்வது?

கொழுந்துக்கூடை:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அம்மாவுடனும் மகனுடனும் இருக்கிறேன். மகன் முதல் திருமணத்தில் பிறந்தவன், பத்து வயது, இந்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுகிறான். 2022இல் எனக்கு விவாகரத்து ஆனது. 2023 செப்டெம்பரில் ஹட்டனில் மறுமணம் பதிவு செய்தோம். இப்போதைய கணவர் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர். ஸ்கார்பரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். எங்கள் இருவரையும் அழைத்துக்கொள்ள அவருக்கு முழுச் சம்மதம்.

டவுனில் ஓர் ஏஜென்டிடம் போனேன். "பையனை இப்போது எழுதாதே. நீ முதலில் போய்ச் சேர், இரண்டு வருடம் கழித்து அவனை எடுத்துக்கொள்ளலாம்" என்றார். நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு வேறு வழி சொன்னார்: பையனுக்குப் புதிதாகப் பிறப்புப் பதிவு போட்டு, இப்போதைய கணவரையே அப்பாவாக எழுதிவிடலாம், அதற்கு ஆள் இருக்கிறதாம். அதுவும் பிடிக்காவிட்டால் கணவர் பையனைச் சட்டப்படி தத்தெடுக்க வேண்டுமாம், அதற்கு வருடக்கணக்கில் ஆகுமாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து எட்டு இலட்சம். "விண்ணப்பத்தில் என் பெயர் எங்கும் வராது" என்று பெருமையாகவே சொன்னார்.

வேறு சிக்கல்களும் உள்ளன. மகனின் அப்பா கட்டாரில் இருக்கிறார், மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் வேறு எழுத்துகள். 2018 முதல் 2020 வரை குவைத்தில் வீட்டுவேலை செய்தேன். கடைசியாக ஒன்று, சிரிக்காதீர்கள்: மகன் என் கணவரை "கனடா மாமா" என்றுதான் கூப்பிடுகிறான். வட்ஸ்அப் முழுவதும் மாமா, மாமா என்றே இருக்கிறது. அவற்றை அழித்துவிட்டு "அப்பா" என்று புதிதாகப் பேசிப் பதிவு செய்யச் சொல்கிறார் ஏஜென்ட்.

பனிக்காலப் பறவை:

தங்கச்சி, முதலாவது யோசனையைப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. தலவாக்கலைத் தோட்டத்தில் எங்கள் லய வீட்டு வரிசைக்கு அடுத்த லயத்தில் இருந்த ஓர் அண்ணன் இதே பேச்சை நம்பி மகளை எழுதாமல் போனார். மூன்று வருடம் கழித்து அவளுக்கு ஸ்பொன்சர் போட்டபோது நிராகரித்துவிட்டார்கள். கனடாவின் குடிவரவு ஒழுங்குவிதிகளில் 117(9)(டி) என்று ஒரு பந்தி இருக்கிறது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்த காலத்தில் சொல்லாமல் விட்ட, அதனால் பரிசோதிக்கப்படாத பிள்ளையைப் பிற்பாடு குடும்ப வகுப்பில், அதாவது குடும்ப உறவுக்கான ஸ்பொன்சரில், அழைக்க முடியாது என்பதுதான் அதன் சாரம். பிள்ளை உங்களுடன் வராவிட்டாலும் பெயரை எழுத வேண்டும், மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். "பிறகு எடுக்கலாம்" என்பவர் அந்தப் பிறகில் உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார்.

பிறப்புப் பதிவை மாற்றுவது குற்றம். கண்டுபிடித்தால் தவறான தகவல் தந்ததாகச் சொல்லி ஐந்து வருடம் கனடாவுக்குள் நுழைய முடியாமல் செய்துவிடுவார்கள். சந்தேகம் வந்தால் டிஎன்ஏ பரிசோதனை கேட்பார்கள். அப்போது எட்டு இலட்சம் வாங்கியவரின் இரத்தத்தையா கொடுக்கப் போகிறீர்கள்?

தத்தெடுப்பு தேவையே இல்லை. இந்த விண்ணப்பத்தில் நீங்கள்தான் பிரதான விண்ணப்பதாரர். மகன் உங்களைச் சார்ந்த பிள்ளை. 22 வயதுக்குக் குறைந்தவன், திருமணமாகாதவன், அவ்வளவு போதும். உங்கள் கணவர் அவனுடைய அப்பா என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை, நீங்கள் அம்மா என்பது தெரிந்தால் சரி.

பணம் வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பம் செய்பவர் அங்குள்ள சட்டத்தரணியாகவோ, 2021 நவம்பரில் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். அவர் பெயர் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் வர வேண்டும். தன் பெயர் வராது என்று ஒருவர் பெருமைப்பட்டால் அந்தக் கதிரையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஊர்சுற்றி:

இவ்வளவு பயமுறுத்த வேண்டுமா? என் மச்சினி பிள்ளையைக் காட்டாமல்தான் போனாள், இப்போது குடியுரிமையே கிடைத்துவிட்டது.

பனிக்காலப் பறவை:

மச்சினிக்குக் கிடைத்துவிட்டது, சரி. பிள்ளை எங்கே?

ஊர்சுற்றி:

கினிகத்தேனையில், பாட்டியிடம்.

நீதிமன்ற வாசல்:

நான் சட்டத்தரணி ஒருவரிடம் இருபது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். விவாகரத்துத் தாள் என்று கையில் வைத்திருப்பது எது? நம் மாவட்ட நீதிமன்றங்களில் முதலில் டிக்ரி நைசை, அதாவது இடைக்காலத் தீர்ப்பு, வரும். குறைந்தது மூன்று மாதம் போன பிறகுதான் டிக்ரி அப்சலூட் என்ற இறுதித் தீர்ப்பு. அது வரும்வரை முதல் திருமணம் உயிரோடுதான் இருக்கிறது. அதற்குள் செய்த மறுமணம் செல்லாது. நம் ஆட்களில் பாதிப்பேர் முதல் தாளைக் கண்டதும் "முடிந்தது" என்று பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். உங்கள் தாளில் உள்ள திகதியையும், பிள்ளையின் பராமரிப்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை:

ஐயா, கைகால் ஓடவில்லை. என்னிடம் இருப்பது 2022 ஜூன் 14 திகதியிட்டது, சிங்களத்தில். பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் காட்டினேன், நைசை என்றுதான் இருக்கிறதாம். மறுமணப் பதிவுக்கு வேறொரு தாளைச் சட்டத்தரணியே நேரடியாகக் கொடுத்தார், அதன் பிரதி என்னிடம் இல்லை. திங்கட்கிழமை நீதிமன்றத்துக்குப் போகிறேன்.

மூன்றாம் நம்பர் லயம்:

தங்கச்சி திங்கள் போய் வரட்டும். அதற்குள் பெயர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கிறேன். தோட்டத்துப் பிறப்புப் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒருவர் கேட்டதை ஒரு மாதிரி எழுதுவார், தோட்டத்து அலுவலகத்தில் கிளாக்கர் வேறு மாதிரி எழுதுவார், பதிவாளர் சிங்களத்தில் மூன்றாவது மாதிரி எழுதுவார். ஒரே குடும்பத்தில் அப்பா பெயர் கறுப்பையா, கருப்பாயா, கருப்பையன் என்று மூன்று பிள்ளைகளுக்கு மூன்றாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த அப்பா ஒருவர்தான், பாவம்.

கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகளையே எல்லாப் படிவங்களிலும் அப்படியே எழுதுங்கள். வேறு பெயர்கள் உண்டா என்று கேட்கும் இடத்தில் பிறப்புப் பத்திரத்தில் உள்ள பெயரையும் எழுதுங்கள், மறைக்காதீர்கள். இரண்டும் ஒரே ஆள் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணையுங்கள். எழுத்துப்பிழை பெரிதாக இருந்தால் பிரதேச செயலகத்தில் திருத்தத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அது வரட்டும் என்று மற்ற வேலைகளை நிறுத்தி வைக்க வேண்டாம். சிங்களத்திலோ தமிழிலோ உள்ள எல்லாத் தாளுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பும் மூலத்தின் உறுதிப்படுத்திய பிரதியும் தேவை. உறவினர் மொழிபெயர்த்தால் ஏற்க மாட்டார்கள், தம்பி நன்றாக ஆங்கிலம் படித்தவன் என்றாலும்.

அடுத்தது முகவரி. கடந்த பத்து வருடம் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று ஒரு மாதம்கூட இடைவெளி விடாமல் எழுத வேண்டும். லயத்துக்கு வீட்டு இலக்கமும் தெருப் பெயரும் இல்லையே என்று திகைக்க வேண்டாம். டிவிஷன், தோட்டம், தபாலகம் என்று எழுதிக் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். வேலையில்லாமல் வீட்டிலிருந்த மாதங்களையும் அப்படியே எழுதுங்கள். குவைத் இரண்டு வருடமும் அதில் வரும். கடந்த பத்து வருடத்துக்குள் ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழ் தேவை, ஆகவே இலங்கைக்கு ஒன்று, குவைத்துக்கு ஒன்று. பழைய கடவுச்சீட்டையும் குவைத் சிவில் அட்டையின் (அந்நாட்டில் தந்த அடையாள அட்டை) பிரதியையும் இப்போதே தேடத் தொடங்குங்கள்.

டோஹா டிரைவர்:

அக்கா, நான் கட்டாரில் இருக்கிறேன், சொந்த ஊர் மஸ்கெலியா. மகனின் அப்பா இங்கேதான் என்றால் தேடுவது கஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை நம் ஆட்கள் கூடும் இடங்கள் இரண்டு மூன்றுதான். ஆனால் பெயரை இங்கே எழுத வேண்டாம். அவருடைய அக்கா அல்லது அம்மா ஊரில் இருந்தால் அவர்கள் மூலம் முதலில் பேசுங்கள், அதுதான் மரியாதை. பையன் கனடா போக அவர் சம்மதித்துக் கையொப்பமிட வேண்டியிருந்தால், அதை இங்கே இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

கொழுந்துக்கூடை:

திங்கள் போய் வந்தேன். காலையில் பஸ் ஏறும்போது கும்மிருட்டு, மழை. பதிவேட்டு அறையில் மதியம்வரை நிற்க வைத்தார்கள். அப்சலூட் 2022 அக்டோபர் 3ஆம் திகதி பதிவாகியிருக்கிறது! மறுமணம் அதற்குப் பதினொரு மாதம் கழித்து. உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டு, எதிர்க்கடையில் ஒரு பிளேன்ரீ வாங்கிக் குடித்தபோதுதான் அன்று காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பிள்ளையின் பராமரிப்பு தாயிடம் என்று எழுதியிருக்கிறது. தகப்பன் மாதத்தில் ஒரு நாள் பார்க்கலாம் என்றும் இருக்கிறது. அவர் ஒரு நாளும் வந்ததில்லை. அப்படியென்றால் அவர் சம்மதம் வேண்டாம்தானே?

நீதிமன்ற வாசல்:

திகதி சரி, நல்லது. சம்மதம் வேண்டும் அம்மா. அவர் வந்தாரா இல்லையா என்பது வேறு, பார்க்கும் உரிமையை நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. பிள்ளை நாடு கடந்து போனால் அந்த உரிமை நடைமுறையில் போய்விடும். அதற்காகத்தான் ஐ.எம்.எம். 5604 படிவம்: உடன் வராத பெற்றோர் பிள்ளை கனடாவில் குடியேறச் சம்மதம் என்று உத்தியோகபூர்வ சாட்சியின் முன் கையொப்பமிட்டு, தன் அடையாள ஆவணத்தின் பிரதியும் தர வேண்டும். மகனுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போதும் இதே சம்மதப் பேச்சு வரும், இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

அவர் மறுத்தாலோ கிடைக்கவே இல்லையென்றாலோ கதை முடிந்துவிடாது. தேடியதற்கான செய்திகள், பதிவுத்தபால் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் சேர்த்து, பிள்ளையை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்டு அதே நீதிமன்றத்துக்கு மனு போடலாம். முதலில் கேட்டுப் பாருங்கள். சண்டை பிடித்தவர்கள் பிள்ளை விஷயத்தில் இறங்கி வருவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

பனிக்காலப் பறவை:

"மாமா" விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஒன்றையும் அழிக்காதீர்கள்! திருமணம் உண்மையானதா, கனடா வருவதற்காகச் செய்ததா என்றுதான் அதிகாரி பார்க்கிறார். பத்து வயதுப் பிள்ளை புதிதாக வந்தவரை மாமா என்றுதான் கூப்பிடும். அதுதான் இயல்பு. நேற்று வரை மாமா, விண்ணப்பம் போட்ட மாதத்திலிருந்து அப்பா என்றிருந்தால் எனக்கே சந்தேகம் வரும். அவர் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது, சப்பாத்து வாங்க அனுப்பிய பணம், இதெல்லாம் இருந்தால் சேருங்கள். கல்யாணப் படங்களில் உங்கள் இருவரையும் மட்டும் போடாமல் அம்மா, மகன், லயத்து ஆட்கள் இருக்கும் படங்களையும் போடுங்கள்.

கட்டணம்: 2024 ஏப்ரல் 30 முதல் இருந்த கணக்கில் ஸ்பொன்சருக்கு 85, உங்களுக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575, மொத்தம் 1,205 கனேடிய டொலர். மகனுக்கு 175, அவனுக்கு வதிவிட உரிமைக் கட்டணம் கிடையாது. கைரேகைக்கு உங்களுக்கு 85. பதினான்கு வயதுக்குக் குறைந்ததால் மகனுக்குக் கைரேகை இல்லை. கட்டும் நாளில் தொகையை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவருக்கு இன்ன வருமானம் வேண்டும் என்ற விதி இந்த வகையில் இல்லை. ஆனால் அவர் கையெழுத்திடும் பொறுப்பு பெரியது: உங்களுக்கு மூன்று வருடம், மகனுக்குப் பத்து வருடம் அல்லது 25 வயதுவரை, எது முந்துகிறதோ அதுவரை. அவரை உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டுங்கள். கியூபெக் மாகாணத்துக்கு விதி வேறு, ஸ்கார்பரோவில் இருப்பவருக்கு அது பொருந்தாது. அவரையும் யாராவது துணை என்று ஸ்பொன்சர் செய்துதான் அழைத்தார்களா? அப்படியானால் வதிவிடம் கிடைத்து ஐந்து வருடம் ஆன பிறகுதான் அவர் உங்களை அழைக்கலாம்.

கொழுந்துக்கூடை:

இல்லை அக்கா, அவர் 2012இல் அகதியாகப் போனவர். பத்து வருடப் பொறுப்பைப் படித்துக் காட்டினேன். "அதற்கென்ன, அவன் கல்லூரி முடிக்கும்வரை என்றுதானே நினைத்திருந்தேன்" என்றார்.

ஏஜென்டிடம் கொடுத்த ஐயாயிரம் ரூபாய் முன்பணம் போனது போகட்டும்.

கொழுந்துக்கூடை (ஏழு வாரம் கழித்து):

மகனின் அப்பா கையொப்பமிட்டுவிட்டார். அவருடைய அக்காவிடம் பேசினேன், இரண்டு வாரம் பதில் இல்லை, பிறகு அவரே அழைத்தார். ஒன்றுதான் கேட்டார்: ஞாயிற்றுக்கிழமைகளில் பையனிடம் போனில் பேசலாமா என்று. சரி என்றேன். இப்போது என் மகனுக்கு ஞாயிறு காலையில் கட்டார் அப்பா, இரவில் கனடா மாமா. அம்மா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் போன பிறகு அவளை யார் பார்ப்பது என்பதுதான் அவள் பேசாததற்குக் காரணம் என்று எனக்குத் தெரியும். அதற்குப் படிவம் இல்லை.

குவைத் சிவில் அட்டை கிடைக்கவில்லை. பழைய கடவுச்சீட்டில் விசா முத்திரை இருக்கிறது. அது போதுமா?

மூன்றாம் நம்பர் லயம்:

முத்திரை உள்ள பக்கத்தில் விசா இலக்கம் தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அந்தப் பக்கத்தையும் விபரப் பக்கத்தையும் பிரதி எடுத்துக்கொண்டு கொழும்பிலுள்ள குவைத் தூதரகத்தில் கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து போயிருந்தால் அந்த ஒப்பந்தப் பிரதியையும் கையோடு கொண்டு போங்கள்.