பிலிப்பைன்ஸ் ஸோயி ரீவி: நேரத்தை விற்ற பிறகு சின்ன நிலையத்துக்கு என்ன மிஞ்சும்?

கேட்டவர்: கிளிநொச்சித் தங்கச்சி

வணக்கம். நாங்கள் சிலர் சேர்ந்து கிளிநொச்சியில் உள்ளூர்ச் செய்தி வீடியோ எடுத்து யூரியூப்பில் போடுகிறோம். இரணைமடுவில் எத்தனை அடி தண்ணீர், நெல் என்ன விலை போகிறது, எந்த வீதி வெள்ளத்தில் என்று. இதை ஒரு ரீவி சனலாக்க ஆசை. ஊடகத்துறையில் இருக்கும் ஒருவர், “சின்ன நிலையம் பெரிய கொம்பனிக்கு ஒளிபரப்பு நேரத்தை விற்றால்தான் நின்றுபிடிக்கும், பிலிப்பைன்ஸில் ஸோயியைப் பாருங்கள்” என்றார். ஸோயி அப்படி என்ன செய்தது? விற்ற பிறகு நமக்கென்று என்ன இருக்கும்?

மாங்குளம் ரீவிக்கடை எழுதியது:

தங்கச்சி, தோகாவில் நான் டிஷ், அன்ரனா பூட்டும் வேலை செய்தபோது என் அறையில் இருந்தவர்கள் பிலிப்பினோக்கள். 2020 மே 5 அன்று எல்லோரும் ஒரே போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நாட்டின் மிகப் பெரிய நிலையமான ஏபிஎஸ்-சிபிஎன் அன்று ஒளிபரப்பை நிறுத்தியது. அங்கே ரீவி நடத்தப் பாராளுமன்றம் உரிமம் தரவேண்டும். இவர்களின் 25 வருட உரிமம் முதல் நாள் முடிந்திருந்தது. ஜூலை 10இல் கீழவைக் குழு 70க்கு 11 என்று வாக்களித்துப் புது உரிமத்தை மறுத்தது.

ஸோயி இங்கேதான் வருகிறது. எடி வில்லனுவேவா என்ற போதகரின் சபைக்குச் சொந்தமான சின்ன நிலையம் அது. சொந்தமாக நாடகம் எடுக்கும் வசதி கிடையாது, ஆனால் மணிலாவில் சனல் 11 அதனிடம் இருந்தது. 2005இல் அந்தச் சனலின் நேரத்தை ஜிஎம்ஏ என்ற பெரிய நிலையம் எடுத்துக் கியூரிவி என்று நடத்தியது, 2011இல் அதையே செய்திச் சனலாக மாற்றியது. 2019இல் ஜிஎம்ஏ வெளியேறியது. 2020 அக்டோபர் 10 முதல் அதே சனல் 11இல், ஏ2இசட் என்ற பெயரில், ஏபிஎஸ்-சிபிஎன் நிகழ்ச்சிகள் ஓடின. ஸோயியின் சமய நிகழ்ச்சிகளுக்கும் அதில் நேரம் ஒதுக்கினார்கள். குத்தகைக்காரர் மாறினாலும் காணி உறுதி ஸோயியின் பெயரிலேயே இருந்தது. உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான்: மிஞ்சுவது அலைவரிசை.

ஆனால் உங்களிடம் பேசிய ஊடகக்காரர் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. என் கூட்டாளி ஒருவனின் தாய் இருந்தது கத்தன்டுவானெஸ் தீவில். அவன் வாங்கிக் கொடுத்த ரீவியில்தான் அம்மா ஏபிஎஸ்-சிபிஎன் பார்ப்பார். மே மாதத்தோடு அவருக்குப் பழக்கமான சனல் போய்விட்டது. ஓகஸ்ட் கடைசியில் மாகாணச் செய்திகளும் மூடப்பட்டன. ஏ2இசட் தொடங்கியபோது அது மணிலாப் பக்கத்துக்குத்தான் எட்டியது. நவம்பர் 1இல் கோனி சூறாவளி கரையைத் தொட்டது அதே கத்தன்டுவானெஸில். தாயின் குரலைக் கேட்கும்வரை அவன் சாப்பாட்டைத் தொடவில்லை. நாடகங்களைக் காப்பாற்ற ஸோயியால் முடிந்தது. தீவு தீவாக நின்ற ஏபிஎஸ்-சிபிஎன் கோபுரங்களின் வேலையை அதனால் செய்ய முடியவில்லை.

வற்றாப்பளை அக்கா எழுதியது:

தம்பி சொன்ன கடைசி விஷயம் எனக்கு நன்றாக விளங்குகிறது. கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாங்கள். ஒருவர் சுற்றச் சுற்ற முற்றம் முழுக்கச் சனம் நின்று கேட்கும். கை ஓய்ந்தால் செய்தியும் நின்றுவிடும். எங்களுக்குத் தேவைப்பட்டது எங்கள் ஊர்ப் பெயர் அதில் வருகிறதா என்பது. பிள்ளைகளே, நேரத்தை விற்றுவிட்டால் மழை நாளில் அந்தப் பெயரைச் சொல்ல யார் இருப்பார்கள்? கொழும்பு நாடகம் பார்க்க எங்களுக்கு ஏற்கெனவே சனல்கள் இருக்கின்றன.

கிளிநொச்சித் தங்கச்சி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அண்ணா, அப்படியென்றால் நேரம் விற்பதே வேண்டாம் என்கிறீர்களா?

மாங்குளம் ரீவிக்கடை எழுதியது:

வேண்டாம் என்று சொல்லவில்லை. மின் கட்டணத்தையும் கோபுரச் செலவையும் ஆசையை வைத்துக் கட்ட முடியாது. அக்கா சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதிவையுங்கள்: பின்னேரச் செய்தி நேரம் விற்பனைக்கு இல்லை, வெள்ளம் புயல் என்றால் எந்த நிகழ்ச்சியையும் இடையில் நிறுத்தும் உரிமை நிலையத்துக்கு உண்டு. பணம் தருபவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் அவரை விடுங்கள்.

இன்னொன்று, உரிமம். பிலிப்பைன்ஸில் 2022 ஓகஸ்டில் ஏபிஎஸ்-சிபிஎன், ரீவி5 என்ற இன்னொரு நிலையத்தின் பங்குகளில் ஒரு பகுதியை வாங்க ஒப்பந்தம் போட்டது. பாராளுமன்ற உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். மாதம் முடியும் முன்பே அதை நிறுத்திவைத்து, செப்டெம்பரில் கைவிட்டார்கள். அவ்வளவு பெரிய கொம்பனிகளுக்கே அந்த நிலை. நமது நாட்டில் தனியார் ரீவி உரிமம் 1982ஆம் ஆண்டு ரூபவாஹினிச் சட்டத்தின் கீழ் அமைச்சர் தருவது. ஆகவே கமரா வாங்கக் காசு சேர்க்கும் முன் ஒரு சட்டத்தரணியிடம் அந்தச் சட்டத்தை வாசித்துக் கேளுங்கள். அதுவரை யூரியூப்பை விடவேண்டாம். இரணைமடு நீர்மட்டம் போடும் உங்கள் வீடியோவைக் கடைக்கு வருபவர்களுக்கு நானே காட்டுகிறேன். கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டால் வயதானவர்களும் வாசிப்பார்கள்.