ரைசன் 5800எக்ஸ்: பழைய கேபினட்டுக்குள் எந்தக் கூலர் உட்காரும்?

பல்லடம் டிசைன்:

வணக்கம்ங்க. பல்லடம் பக்கம் இருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்ட் டிசைன் செய்து கொடுக்கிறேன், இரண்டு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட்டிங்கும் சேர்த்துக்கொண்டேன். கம்ப்யூட்டரில் முன்பு ஏஎம்டி ரைசன் 5 3600 பிராசஸர் போட்டிருந்தேன். போன மாதம் ஒரு ரைசன் 7 5800எக்ஸ் செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. மதர்போர்டு அதே பி450 தான், போர்டுக்குள் இருக்கும் பயாஸ் மென்பொருளை அப்டேட் செய்து கடையிலேயே மாட்டிக் கொடுத்தார்கள். 5800எக்ஸ் பெட்டியில் பிராசஸர் சூட்டை இறக்கும் கூலர் வராது என்பதால் 3600உடன் வந்த சின்னக் கூலரையே, அதான் ரெய்த் ஸ்டெல்த், அதையே திரும்பப் போட்டுவிட்டார்கள். "ஒண்ணும் ஆகாது தம்பி" என்றார்கள்.

இப்போது எடிட் செய்த வீடியோவை ரெண்டர் போட்டு முழு ஃபைலாக எடுத்தால் ஒன்றரை நிமிடத்தில் 90 டிகிரிக்குப் போய் நிற்கிறது, வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. ஃபேன் போடுகிற சத்தத்தில் பக்கத்துத் தறி குடோன் சத்தமே கேட்பதில்லை. அறை சிமெண்ட் அட்டைக் கூரை, மதியம் உள்ளே உட்காரவே முடியாது.

நண்பர் ஒருவர் பழைய இன்டெல் மெஷினில் இருந்த கூலர் மாஸ்டர் ஹைப்பர் 212 இவோவைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். அதைப் போடலாமா, இல்லை புதிதாக வாங்கலாமா? மூவாயிரத்துக்கு மேல் இப்போது முடியாது. கேபினட் எட்டு வருடப் பழசு, அதன் மேல் மாடல் பெயர் எதுவும் இல்லை. ரேம் இரண்டு குச்சி, மேலே கொம்பு வைத்த மாதிரி உயரமான தகடு போட்டது.

காந்திபுரம் சர்வீஸ்:

தம்பி, முதலில் ஒன்று. 90 டிகிரி என்பது 5800எக்ஸுக்கு ஏஎம்டி வைத்திருக்கிற எல்லை. அதைத் தொட்டதும் தானாக வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், அதனால் இன்றைக்கே எரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய வேகம் உங்களுக்குக் கிடைக்கவில்லை. ஸ்டெல்த் 65 வாட் சிப்களுக்கென்று வருகிற கூலர். 5800எக்ஸ் பெட்டியில் 105 வாட் என்று போட்டிருந்தாலும், முழு வேலை கொடுத்தால் 142 வாட் வரை இழுக்கும். போதாததற்கு எட்டு கோரும் ஒரே சின்னச் சில்லில் நெருக்கி இருப்பதால் சூடு ஒரே இடத்தில் குவியும். அந்தக் கூலரைக் குறை சொல்லிப் பயனில்லை, அதை அங்கே மாட்டியதுதான் தப்பு.

நண்பருடைய 212 இவோ நல்ல பொருள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது 2011இல் வந்த கூலர். ரைசன் வந்தது 2017இல். பழைய ஏஎம்3 சாக்கெட் போர்டில் கூலர் ஓட்டைகளின் இடைவெளி 96க்கு 48 மிமீ, உங்கள் பி450 போர்டில் இருக்கும் ஏஎம்4 சாக்கெட்டில் அதை 90க்கு 54 என்று மாற்றிவிட்டார்கள். அதனால் பழைய பெட்டியில் இருக்கும் ஏஎம்டி பிராக்கெட் உங்கள் போர்டில் சேராது, ஏஎம்4க்கான கிட் தனியாகத் தேட வேண்டும். அது கிடைத்தாலும் கூலரின் உயரம் 159 மிமீ. உங்கள் கேபினட் கதவு மூடுமா என்பது அடுத்த கேள்வி.

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் கேபினட்டை அளந்து சொல்லுங்கள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் படுக்க வையுங்கள். திறந்த வாயின் குறுக்கே ஒரு இரும்பு ஸ்கேலை வைத்து, புது சீமாறிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, பிராசஸருக்குப் பக்கத்தில் வெறும் போர்டு தெரிகிற இடத்தில் நேராக இறக்குங்கள், எந்தப் பார்ட்ஸ் மேலும் படக் கூடாது. ஸ்கேல் தொடுகிற இடத்தில் குச்சியில் நகத்தால் ஒரு கோடு போட்டு, வெளியே எடுத்து அளங்கள். கூலர் உட்காருவது பிராசஸர் மேல்தகட்டில், போர்டின் மேல் இல்லை, அதனால் கிடைக்கிற அளவில் 10 மிமீ கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் உயரம். இன்னொன்று, அந்தக் காலத்துக் கேபினட் கதவில் உள்பக்கம் பிளாஸ்டிக் புனல் ஒன்று இருக்கும், இருந்தால் கழற்றிப் போடுங்கள்.

ரேம் உயரத்தையும் அளங்கள்.

கோபி ஸ்டுடியோ:

எனக்கும் இதே வேலைதான் தம்பி, கோபியில் கல்யாண வீடியோ. கூலரைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏர் கூலர் எவ்வளவு பெரிதானாலும் அறைச் சூட்டுக்குக் கீழே பிராசஸரைக் கொண்டு போக முடியாது. அறை 28 டிகிரியாக இருக்கும்போது 75 காட்டுகிற மெஷின், அறை 38 ஆனால் கிட்டத்தட்ட 85 காட்டும். கோயமுத்தூர்க்காரர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வருகிறது, ஈரோடு கரூர்ப் பக்கம் அது இல்லை. சித்திரை வெயிலில் கரூர் பரமத்தி பெயர் செய்தியில் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டுக்காரர்கள் போடுகிற டெஸ்ட்டில் அறை 21, 22 டிகிரியில் இருக்கும். அந்த எண்ணை அப்படியே நம் அட்டைக் கூரைக்குக் கொண்டுவந்தால் ஏமாற்றம்தான்.

அப்புறம் உங்கள் ஊர்ப் பஞ்சு. சோமனூரில் தறி ஓட்டுகிற சொந்தக்காரர் வீட்டு மெஷினை ஒரு முறை நான் திறந்தேன். கூலர் ஃபேனைக் கழற்றினால் கீழே அலுமினியமே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு படலம், ஓரத்தில் பிடித்து இழுத்ததும் கம்பளித் துண்டு மாதிரி முழுதாக உரிந்து வந்தது, ஃபேன் வட்டம் அப்படியே அதில் பதிந்திருந்தது. அந்தப் பிள்ளை அதற்குள் புது பிராசஸர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தான். உங்களுடையதையும் முதலில் திறந்து பாருங்கள், பாதிச் சூடு அங்கேயே இருக்கலாம்.

பல்லடம் டிசைன்:

ரொம்ப நன்றிங்கண்ணா, நன்றிங்கக்கா. அக்கா சொன்ன மாதிரி பஞ்சு இருந்தது, ஆனால் மாட்டி ஒரு மாதம்தான் ஆகிறது என்பதால் மெல்லிசாகத்தான். துடைத்த பிறகு 90 தொடுவதற்கு இரண்டு நிமிடம் ஆனது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணா சொன்னபடி ஈர்க்குச்சி வைத்து மூன்று தடவை அளந்தேன். மூன்று தடவையும் 168 மிமீ. கதவில் புனல் இருந்தது, கழற்றிவிட்டேன். அப்படியானால் 158, சரிதானுங்களா? ரேம் 44 மிமீ உயரம். கேபினட் பின்பக்கம் 120 மிமீ ஃபேன் போட இடம் இருக்கிறது, ஃபேன் இல்லை. முன்பக்கம் ஒன்று ஓடுகிறது.

காந்திபுரம் சர்வீஸ்:

சரியாக அளந்திருக்கிறீர்கள். 158 என்றால் 212 இவோ ஒரு மில்லியில் வெளியே போகிறது. தகட்டை அழுத்தி மூடிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அந்த அழுத்தம் கூலரில் சூட்டைக் கடத்துகிற குழாய், அதான் ஹீட் பைப், அதன் வழியாக நேரே பிராசஸர் மேல் இறங்கும்.

இப்போது மூன்று கூலரை வைத்துப் பார்ப்போம். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, இரட்டைக் கோபுரம், ஆறு ஹீட் பைப், உயரம் 155. காகிதத்தில் உட்காருகிறது, குளிர்ச்சியும் இந்த விலையில் அதுதான் அதிகம். ஆனால் அதன் முன் ஃபேன் ரேமுக்கு மேலே வரும். தகடு இல்லாத வெறும் ரேம் 31 மிமீ சொச்சம்தான், அதோடு பிரச்சினை வராது. உங்களுடையது 44, அதனால் ஃபேனைத் தூக்கி மாட்ட வேண்டும். தூக்கினால் 158ஐத் தாண்டிவிடும். அது போச்சு.

டீப்கூல் ஏகே400, ஒற்றைக் கோபுரம், நான்கு ஹீட் பைப், 155 மிமீ. உட்காரும், ஆனால் மூன்று மில்லிதான் மிச்சம். ஏஜி400, அதுவும் ஒற்றைக் கோபுரம், நான்கு பைப், 150 மிமீ, எட்டு மில்லி இடம் இருக்கும். ஈர்க்குச்சியால் அளந்த அளவுக்கு நான் ஏஜி400ஐத்தான் சொல்வேன். இரண்டுக்கும் குளிர்ச்சியில் பெரிய வித்தியாசம் இல்லை, இரண்டுமே உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். வாட்டர் கூலர் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள், அந்தக் கேபினட்டில் அதற்கான 240 மிமீ ரேடியேட்டர் வைக்க இடமே கிடையாது.

கழற்றும்போது கவனம். ஏஎம்4 பிராசஸருக்கு அடியில் 1331 ஊசி. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தத் தடவுகிற பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால், கூலரை நேராக மேலே இழுக்கும்போது சாக்கெட் பூட்டியிருந்தாலும் பிராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். என் மேஜையில் வளைந்த ஊசியோடு வந்த சிப்களில் பாதி இப்படித்தான். பத்து நிமிடம் ரெண்டர் ஓட்டி, பேஸ்ட் இளகியதும் ஷட்டவுன் செய்து, ஸ்க்ரூவை எதிரெதிர் மூலையாகத் தளர்த்தி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் திருகி எடுங்கள். பின்பக்கம் இருக்கும் இரும்புப் பேக் பிளேட்டை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள், அந்தப் போர்டில் அது ஸ்க்ரூவை நம்பித்தான் நிற்கிறது, விட்டால் உள்ளே விழுந்துவிடும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், புதுக் கூலரும் அதில்தான் ஏறும்.

பேஸ்ட் நடுவில் ஒரு பட்டாணி அளவு. கூலர் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்க வேண்டாம். நான்கு பின் ஒயரை சிபியூ ஃபேன் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் செருக வேண்டும், வேறு இடத்தில் போட்டால் ஆன் செய்ததும் ஃபேன் எரர் என்று நின்றுவிடும்.

இன்னொரு விஷயம், இதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி அடிக்கிறது, அதனால் பிராசஸரைச் சுற்றியிருக்கும் மின்சப்ளை பார்ட்ஸுக்கும் கொஞ்சம் காற்று போகிறது. கோபுரக் கூலர் காற்றைப் பக்கவாட்டில் தள்ளும், அந்தப் பார்ட்ஸ் வெக்கையில் நிற்கும். பி450 போர்டுகளில் சிலவற்றில் அங்கே சூட்டை இறக்கும் தகடே, அதாவது ஹீட்சிங்க்கே இருக்காது. எனவே பின்பக்கம் ஒரு 120 மிமீ ஃபேன் கட்டாயம் போடுங்கள், கூலர் தள்ளுகிற சூட்டை அது வெளியே இழுத்துவிடும். பயாஸில் மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ மோட் இருந்தால் 65 வாட் என்று வையுங்கள், அப்போது பிராசஸர் 88 வாட்டுக்கு மேல் இழுக்காது. ரெண்டரில் கொஞ்சம் வேகம் குறையும், சூடு நிறையக் குறையும். அட்டைக் கூரைக்கு அது நல்லது.

நாமக்கல் முட்டை லோடு:

இடையில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன், மன்னிக்கணும். என்னிடம் இன்டெல் ஐ5 12400 பிராசஸர் இருக்கிறது. பழைய 1200 சாக்கெட்டுக்கு வாங்கிய கூலர் ஒன்று சும்மா கிடக்கிறது. இதற்குப் போடலாமுங்களா?

காந்திபுரம் சர்வீஸ்:

அப்படியே போட முடியாதுங்க. 1200 வரைக்கும் ஓட்டை இடைவெளி 75 மிமீ சதுரம், உங்களுடைய 12400 உட்காரும் 1700 சாக்கெட்டில் 78. பிராசஸரின் உயரமும் கொஞ்சம் குறைவு, அதனால் ஓட்டையைக் குடைந்து மாட்டினால்கூட அழுத்தம் சரியாக வராது. அந்தக் கூலர் கம்பெனி 1700 கிட் தருகிறதா என்று பாருங்கள், பலர் தனியாகக் கொடுக்கிறார்கள். சாதாரண ஆபீஸ் வேலைக்கு என்றால் 12400 பெட்டியில் வருகிற கூலரே போதும்.

கோபி ஸ்டுடியோ:

பல்லடம் தம்பிக்கு: முன்பக்க ஃபேனுக்கு வெளியே நைலான் கொசுவலையை இரண்டாக மடித்து ஒட்டிவிடுங்கள். பஞ்சு அதிலேயே நிற்கும், வாரம் ஒரு தடவை கையால் தேய்த்தால் போதும். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டு அடித்தால் பேரிங் போய்விடும்.

பல்லடம் டிசைன்:

ஏஜி400ம் ஒரு 120 மிமீ ஃபேனும் வாங்கி மாட்டிவிட்டேன். அண்ணா சொன்ன மாதிரி சூடாக்கித் திருகி எடுத்தேன், மூன்றாவது திருகில் சின்னதாக ஒரு சத்தத்தோடு வந்துவிட்டது, பிராசஸர் அசையவில்லை. பழைய பேஸ்ட் ஓரத்தில் காய்ந்து திருநீறு மாதிரி உதிர்ந்தது. புதுக் கூலரை மாட்டிக் கதவை மூடியபோது எங்கேயும் இடிக்கவில்லை.

நேற்று மதியம், அறை 36 டிகிரி. ஈகோ மோட் இல்லாமல் அரை மணி நேர ரெண்டரில் 86 வரை போனது. ஈகோ மோடில் 71, வேகம் 4.1க்குக் கீழே இறங்கவில்லை. முன்பு ஒன்றேகால் மணி நேரம் எடுத்த அதே ரிசப்ஷன் வீடியோ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. ஈகோ மோடிலேயே விட்டுவிட்டேன். தறிச் சத்தம் இப்போது நன்றாகக் கேட்கிறது.

212ஐ நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொசுவலை இன்று சாயங்காலம் ஒட்டுகிறேன் அக்கா.