மலேசியாவில் கலைப் பிரிவில் எஸ்.பி.எம். (பள்ளி இறுதித் தேர்வு) எழுதியவள் மருத்துவம் படிக்க வழி இருக்கிறதா?

செந்தூல் பேத்தி:

அனைவருக்கும் வணக்கம். நான் எஸ்.பி.எம். தேர்வில் கணக்கியல், வணிகம், பொருளாதாரம் எடுத்தவள். பொது அறிவியலில் ஏ, கணிதத்தில் ஏ மைனஸ், தமிழில் ஏ பிளஸ். கூடுதல் கணிதம் எடுக்கவில்லை. உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றின் பக்கமே போனதில்லை. எஸ்.பி.எம்.முக்கு முந்தைய வகுப்பான படிவம் 4-இல், "உனக்குக் கணக்கியல்தான் சரிப்படும்" என்றார்கள். அப்போது எனக்கும் மறுப்பு ஒன்றும் இல்லை.

பாட்டிக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அழைத்துப் போவது நான்தான். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எடை ஏன் இரண்டு கிலோ ஏறியது, பொட்டாசியம் ஏன் கூடியது என்று நர்ஸைத் துளைத்துத் துளைத்துக் கேட்டதில், இப்போது மருத்துவத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

கல்விக் கண்காட்சியில் ஒரு தனியார் கல்லூரிக்காரர், "பட்டப்படிப்புக்கு முந்தைய அறிவியல் ஃபவுண்டேஷனில் சேர்ந்துவிடு. ஒரே வருடம். பிறகு நேராக எம்.பி.பி.எஸ்." என்றார். அடுத்த வாரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்கப் போகிறார். கட்டலாமா?

கெப்போங்வாசி:

தைரியமாகக் கட்டு, தங்கச்சி. அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பாகுபாட்டையே 2020-இல் படிவம் 4-இல் எடுத்துவிட்டார்கள். இங்கே இடம் கிடைக்காவிட்டால் வெளிநாடு இருக்கிறது. ஏஜெண்டுகளே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வேதியியல் வாத்தியார்:

கட்டாதே, அம்மா. கெப்போங் தம்பி நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் பள்ளியில் பிரிவை எடுத்தார்களே தவிர, மருத்துவப் படிப்புக்குப் பாடத்தை எடுக்கவில்லை.

மருத்துவத்தில் யாரைச் சேர்க்கலாம் என்பதற்குக் குறைந்தபட்சத் தகுதியை வகுப்பது மலேசிய மருத்துவ மன்றம், கல்லூரி அல்ல. அதில் இரண்டு படிகள் உண்டு. மேல்படியில் எஸ்.டி.பி.எம்., ஏ லெவல், மெட்ரிகுலேஷன், ஃபவுண்டேஷன் போன்ற, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்புகளில் ஒன்று வேண்டும். ஃபவுண்டேஷன் என்றால் சராசரிப் புள்ளி நான்குக்கு 3.0. கண்காட்சியில் மணிக்கணக்காகப் பேசுவது இதைப் பற்றித்தான். கீழ்ப்படியைப் பற்றி நீயாகக் கேட்டால் ஒழிய வாய் திறக்க மாட்டார்கள். அந்தக் கீழ்ப்படி இதுதான்: எஸ்.பி.எம். அல்லது அதற்கு இணையான தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு வேறு ஏதாவது ஒரு பாடம். ஐந்திலும் பி-க்குக் குறையக் கூடாது. பொது அறிவியலில் நீ வாங்கிய ஏ அந்த மூன்று அறிவியல் பாடங்களுக்கு ஈடாகாது.

ஃபவுண்டேஷனில் உன்னைச் சேர்த்துக்கொள்வார்கள், அதில் பொய் இல்லை. அங்கே நீ 4.0 வாங்கினாலும் மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கும்போது எஸ்.பி.எம். சான்றிதழை எடுத்துப் பார்ப்பார்கள். என்னிடம் படித்த ஒரு பையனுக்கு இதேதான் நடந்தது. ஃபவுண்டேஷனை நன்றாக முடித்த பிறகு, "உயிர்த்தொழில்நுட்பம் எடுத்துக்கொள்ளேன்" என்றார்கள். எடுத்துக்கொண்டான். இப்போது கையுறைத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டில் இருக்கிறான். நல்ல வேலைதான், ஆனால் அவன் கேட்டது அதுவல்ல.

இனி உன் நிலவரத்தைப் பார்ப்போம். ஐந்தில் கணிதம், தமிழ் இரண்டும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. மீதி மூன்று. தனித்தேர்வராகப் பதிந்து அந்த மூன்றை மட்டும் எஸ்.பி.எம். எழுதலாம். மூன்றிலும் தாள் 3 என்பது செய்முறைத் தேர்வு. ஆய்வகத்தில் கை வைக்காமல் வீட்டிலேயே உருப்போட்டால் அங்கே போய் விழிப்பாய். எஸ்.பி.எம்.முக்கு இணையான பன்னாட்டுத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ. எழுதுவதும் ஒரு வழி. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தில் செய்முறைக்குப் பதிலாகத் தாள் 6 என்ற எழுத்துத் தாளை எடுக்கலாம், ஆனால் கட்டணம் கடிக்கும். எந்த வழியில் போனாலும், உன் பாடங்களை ஏற்பார்களா என்று நீ சேர விரும்பும் பல்கலைக்கழகத்திடம் முதலில் மின்னஞ்சலில் கேள். பதிலை அச்சடித்து வைத்துக்கொள். வாய்ச்சொல்லை நம்பிக் காசு கட்டாதே.

கணக்கியல் படித்த பிள்ளைகள் வகுப்புக்கு வந்தால் எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. ஒரு கரைசலின் செறிவைக் கண்டுபிடிக்கும் டைட்ரேஷன் சோதனையைச் செய்யும்போது பார்க்க வேண்டும். பியூரெட் என்ற அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கூம்புக் குடுவையில் சோடியம் ஹைட்ராக்சைடு, அதில் நிறங்காட்டியாக இரண்டு சொட்டு பினால்ப்தலீன். இளஞ்சிவப்பு மறையும் அந்த ஒரு சொட்டில் குழாயை மூட வேண்டும். அறிவியல் பிரிவுப் பிள்ளைகளில் பாதிப் பேர் 24.5 என்று கிறுக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கணக்கியல் பிள்ளைகள் 24.50 என்று எழுதி, தொடக்க அளவு, இறுதி அளவு, வித்தியாசம் என்று அளவுகோல் வைத்துக் கோடு போடுவார்கள். ஆரம்ப இருப்பு, இறுதி இருப்பு எழுதிப் பழகிய கை அல்லவா. மோல் கணக்கும் இவர்களைப் பயமுறுத்துவதில்லை. திணறுவது இயற்பியலில்தான், அதிலும் விசைகளைப் படம் போட்டுப் பிரிக்கும் இடத்தில். ஆகவே இயற்பியலை முதலில் தொடங்கு. உயிரியலில் சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான், பரவல், சவ்வூடுபரவல் எல்லாம் பாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உனக்கு அறிமுகமாகியிருக்கும்.

பட்டர்வொர்த் டாக்டர் அக்கா:

வாத்தியார் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். கெப்போங் அண்ணன் சொன்ன வெளிநாட்டு வழிக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. மருத்துவம் படிக்க வெளியே போகும் மலேசிய மாணவர் உயர்கல்வி அமைச்சிடம் தடையில்லாச் சான்றிதழ் வாங்க வேண்டும், அங்கேயும் குறைந்தபட்சத் தகுதியைத்தான் பார்ப்பார்கள். அயர்லாந்தில் எந்தத் துறைப் பட்டதாரியும் ஜிஏஎம்சாட் தேர்வு எழுதி மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பது உண்மை. அந்தத் தேர்வில் மனிதவியல், கட்டுரை, அறிவியல் என்று மூன்று பகுதிகள். அறிவியல் பகுதியில் உயிரியலும் வேதியியலும் நாற்பது நாற்பது விழுக்காடு, இயற்பியல் இருபது. ஆகவே எங்கே சுற்றினாலும் இந்த மூன்று பாடங்களிடம்தான் வந்து நிற்பாய். மேலும், அங்கே இடம் கிடைப்பது வேறு, திரும்பி வந்து இங்கே டாக்டராகப் பதிவு கிடைப்பது வேறு.

இன்னொன்று, தங்கச்சி. ஐந்து வருடப் படிப்பு, பிறகு மருத்துவமனையில் இரண்டு வருட ஹவுஸ்மேன் பயிற்சி, துறைக்கு நான்கு மாதமாக ஆறு துறைகள். பாட்டியின் பக்கத்தில் நான்கு மணி நேரம் உட்கார எந்த டாக்டருக்கும் வாய்க்காது. ரவுண்ட்ஸில் வந்து அறிக்கையைப் புரட்டி, நாலு வார்த்தை பேசிவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடுவோம். உனக்குப் பிடித்தது அந்த நான்கு மணி நேரமா, அறிக்கையில் இருக்கும் எண்களா என்று யோசித்துப் பார்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், ஜார்ஜ்டவுன்:

அந்த நான்கு மணி நேரம்தான் என்றால் எங்கள் பக்கம் வா, மகளே. நர்சிங் டிப்ளோமாவுக்குப் பொது அறிவியலும் அறிவியல் பாடமாகக் கணக்கில் சேரும். மூன்று வருடப் படிப்பு. பிறகு அனுபவம் சேர்ந்ததும் சிறுநீரகப் பராமரிப்பில் தனிப் பயிற்சி எடுக்கலாம். ஆறுதல் பரிசாக இதைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. ஊசி போட ரத்தக் குழாய் அகப்படாத கையில் ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸுக்காக இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்த இடத்தை, தடவிப் பார்த்தே இடம் கண்டுபிடிக்கிற நர்ஸிடம் எத்தனை டாக்டர்கள் கைகட்டி நின்று கற்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

செந்தூல் பேத்தி:

முன்பணம் கட்டவில்லை. அக்கா கேட்ட கேள்விக்குப் பதில்: எனக்குப் பிடித்தது அந்த எண்கள்தான். ஆனால் சிஸ்டர் அம்மா எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டியதிலிருந்து அவர் நர்சிங் பக்கம் சாய்ந்துவிட்டார். வீட்டில் இப்போது இரண்டு கட்சி. ஐயா, மூன்று பாடத்தையும் ஒரே வருடத்தில் முடிக்க முடியுமா?

பிரிக்பீல்ட்ஸ் வேதியியல் வாத்தியார்:

முழு நேரமும் இதற்கே ஒதுக்கினால் முடியும். பகுதி நேர வேலைக்கும் போகிறாய் என்றால் முடியாது. முடியும் என்று சொல்லிக் காசு வாங்க எனக்கு மனமில்லை. தேர்வு வாரியத்தின் இணையதளத்தில் தனித்தேர்வர் பதிவு எப்போது திறக்கிறது என்று இன்றே பார். அந்தத் தேதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. இயற்பியலுக்கு என் நண்பர் ஒருவர் சனிக்கிழமை காலையில் வகுப்பு எடுக்கிறார். செய்முறைக்கு ஆய்வகத்தை வாடகைக்கு எடுக்க நான்கு பேராவது வேண்டும். இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள்.